குழாய்க்கும் மணிக்கும் நடுவே ஒரு மழை

நகரக் குடிநீர் அலுவலகத்தில் புகார்த் தொலைபேசி எடுப்பவருக்கு அவருடைய பெற்றோர் அழகான பெயர் ஒன்று வைத்திருந்தார்கள். அலுவலகத்தில் அது யாருக்கும் நினைவில்லை. "குறிச்சாச்சு"வைக் கேளுங்கள், உடனே மூலையில் இருக்கும் மேசையைக் கை காட்டுவார்கள். யார் என்ன சொன்னாலும் அவர் வாயிலிருந்து கடைசியாக வருவது அந்த ஒரு சொல்தான். அதை அவர் அலுப்பாகச் சொல்வதில்லை, பணிவாகவே சொல்வார். எரிச்சல் அதனால் இரட்டிப்பாகும்.

அவர் வேலையே அப்படி. கூப்பிடுகிறவர்கள் யாரும் நேராக விஷயத்துக்கு வருவதில்லை. தண்ணீர் வரவில்லை என்று ஆரம்பிப்பார்கள், மாடியில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமனாருக்குப் போவார்கள், எதிர்வீட்டில் மட்டும் எப்படி வருகிறது என்று கேட்பார்கள், கடைசியில் அழுவார்கள். கணினியிலோ ஒரு அழைப்புக்கு ஒரு பொத்தானைத்தான் அமுக்க முடியும். குழாய் உடைப்பு, தண்ணீர் வரவில்லை, கலங்கல், கட்டணம், மற்றவை. மாமனாரையும் எதிர்வீட்டையும் அழுகையையும் நறுக்கி ஓரத்தில் தள்ளிவிட்டுத் தண்ணீரை மட்டும் பொறுக்கி எடுப்பதில் நம்மவர் கெட்டிக்காரர். மேலதிகாரி அவரை மெச்சாத நாளில்லை.

வேலையை அலுவலகத்தோடு விட்டிருந்தால் எனக்கு இந்தக் கதையைச் சொல்லும் வேலை இருந்திருக்காது. மனிதர் அதை வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்தார்.

அவர் மனைவி தாவித் தாவிப் பேசுகிறவர். குழாயில் ஆரம்பித்தால் மகளிடம் முடியும், மகளில் ஆரம்பித்தால் படிக்கட்டு விளக்கில் நிற்கும். குறிச்சாச்சு தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், இடது கை விரலை ஒவ்வொன்றாக மடக்குவார். மனைவி மூச்சு வாங்கும் இடத்தில், "குறிச்சாச்சு" என்பார். சும்மா சொல்லக் கூடாது, குறித்ததை எல்லாம் செய்தும் விடுவார்.

இந்த வருஷத்துப் புகார்களையே எடுத்துக்கொள்ளுங்கள். வாசல் மணி சரியாக அடிப்பதில்லை என்றார் மனைவி. கணவர் புது மணி மாட்டினார். அதை அமுக்கினால் பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள். வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் போனில் முணுமுணுக்கிறாள் என்றார். புதுப் போன் வந்தது, மகளுக்கு உச்சரிப்புப் பற்றி ஒரு சொற்பொழிவும் போனது. பள்ளிவாசல் மாடியில் பெண்கள் பகுதி ஒலிபெருக்கி சரியில்லை என்றார். இவர் நிர்வாகக் குழுவின் பின்னாலேயே அலைந்து புதிதாக ஒன்று வைக்கச் செய்தார். அடுத்த வாரம் பெண்கள் தலையைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார்கள்.

இதற்கெல்லாம் நடுவே ஒரு காலையில், தேநீரை வைத்துவிட்டு, "நேத்து ராத்திரி அவ்வளவு மழையாமே, ஏங்க என்னை எழுப்பல?" என்று மனைவி கேட்டார்.

மழைக்கு எந்த விரலை மடக்குவது? "மழை எங்க டிபார்ட்மெண்ட் இல்லம்மா" என்று சொல்லிவிட்டுக் குறிச்சாச்சு சிரித்தார். தனியாகத்தான் சிரித்தார்.

வினை குழாய் வழியாக வந்தது. ஒரு நாள் அலுவலகத்தில் போன் அடித்தது. பேசியவர் நெருப்பாக இருந்தார். மேல்வீட்டில் குழாயைத் திறந்துவிட்டு மறந்துவிட்டார்களாம், தொட்டி நிரம்பி, தண்ணீர் கூரை வழியாக இவர் கட்டிலில் சொட்டுகிறதாம், கதவைத் தட்டினால் உள்ளே ஆள் இருந்தும் திறக்கவில்லையாம்.

"மேல்வீட்டு முகவரி சொல்லுங்க சார்."

சொன்னார். குறிச்சாச்சு தட்டச்சு செய்து முடித்து, "குறிச்சாச்சு சார்" என்று வைத்துவிட்டு, அடுத்த அழைப்பையும் எடுத்த பிறகுதான் அது தன் வீட்டு முகவரி என்பது உறைத்தது.

மாலையில் வீட்டுக்குப் போனார். நல்ல மனிதன் என்ன செய்வான்? மனைவி கால் வழுக்கி விழுந்தாளா என்று கேட்பான். இவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "உன் மேல புகார் வந்திருக்கு. நுகர்வோர் கவனக்குறைவுன்னு போட்டிருக்கேன்" என்றார்.

"நுகர்வோரா? நானா?" மனைவிக்கு முகம் சிவந்துவிட்டது. பிறகு பிடித்துக்கொண்டது. குழாய், மணி, மகள், மாடி ஒலிபெருக்கி, வீட்டில் நிலவும் மயான அமைதி, மறுபடி குழாய். அந்த நேரத்திலும் மனிதரின் இடது கை தன்பாட்டுக்கு விரல் மடக்கிக்கொண்டிருந்தது. அதை மனைவி பார்த்துவிட்டார்.

"விரலை நிமிர்த்துங்க. நான் இந்த வருஷம் பூரா ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்லிட்டு இருக்கேன். ஒண்ணே ஒண்ணு! அது என்னன்னு உங்க வாயால சொல்லுங்க. சொல்ற அன்னைக்கு வர்றேன். அதுவரைக்கும் நான் எங்கண்ணன் வீட்டுல இருப்பேன்."

பையை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார். அண்ணன் வீடு நகரத்தின் மறுகோடியில்தான். ஆனால் இத்தனை வருஷத்தில் அவர் கோபித்துக்கொண்டு வாசலைத் தாண்டியது இதுவே முதல் தடவை. குறிச்சாச்சுவுக்குக் கை கால் ஓடவில்லை.

சனிக்கிழமைகளில் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் இமாமான ஹஜ்ரத் குர்ஆன் விளக்க வகுப்பு எடுப்பார். நம்மவர் வழக்கமாக மின்விசிறிக்குக் கீழே சுவரில் சாய்ந்துகொண்டு, வசனத்துக்கு ஒரு விரலாக மடக்கிக்கொண்டு கேட்பார். அந்தச் சனிக்கிழமை பார்த்து வகுப்பு அல்பகரா சூராவில், அந்த நீண்ட அத்தியாயத்தில், விவாகரத்துச் சட்டங்களுக்கு வந்து சேர்ந்திருந்தது. மனைவி போய் வாரம் ஆகாத மனிதருக்கு எப்படி இருக்கும்? மின்விசிறிக்குக் கீழேயே வியர்த்தது.

ஹஜ்ரத் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். "இங்க ஒரு இடம் இருக்கு, கவனிங்க. தலாக், காத்திருக்கிற தவணை, பிள்ளைக்குப் பால் கொடுக்கிறது, கணவனை இழந்தவங்க, மாப்பிள்ளை கொடுக்கிற மஹர். வரிசையா குடும்பச் சட்டம். திடீர்னு, தொழுகைகளைப் பேணிக்கொள்ளுங்க, நடுத் தொழுகையையும் பேணிக்கொள்ளுங்கன்னு வருது. பயமான நேரம்னா நடந்துக்கிட்டோ வாகனத்துல இருந்துக்கிட்டோ தொழுங்கன்னு வருது. அது முடிஞ்சதும் மறுபடி கணவனை இழந்தவங்க, மறுபடி தலாக். நடுவுல தொழுகை ஏன் வந்துச்சு?"

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் கையைத் தூக்கினார். அவர் தூக்காத வகுப்பு கிடையாது. "ஹஜ்ரத், ஒவ்வொரு வசனமும் ஒவ்வொரு சந்தர்ப்பத்துல இறங்கினது. இருபத்து மூணு வருஷமா இறங்கினது. இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு தேடறது நம்ம வேலையா? ஒவ்வொண்ணும் தன்னளவுல முழுசா நிக்குதே."

"நிக்குது. அப்படிச் சொன்ன பெரிய அறிஞர்களும் உண்டு, அவங்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா இறங்கின நேரம் வேற, வச்ச இடம் வேற. இந்த வசனத்தை இங்க வையுங்கன்னு நபி சொல்லி வச்சது. காத்துல பறந்து வந்து உக்காரல. அதனால வேற சில அறிஞர்கள் என்ன சொன்னாங்கன்னா, ஒரு சூரா முழுக்க ஒரே பேச்சு, அதுக்கு ஒரு அச்சு இருக்கு, எல்லா வசனமும் அந்த அச்சைத்தான் சுத்துது, அதைப் பிடிச்சாத்தான் ஒவ்வொண்ணும் ஏன் அங்க இருக்குன்னு விளங்கும்னாங்க. அடுத்தடுத்த சூராக்கள்கூட ஜோடி ஜோடியா ஒண்ணுக்கொண்ணு பதில் சொல்றதாச் சொல்றவங்க இருக்காங்க."

சுவரோரமிருந்து ஒரு குரல் வந்தது. "ஹஜ்ரத், இந்த அச்சை எப்படிக் கண்டுபிடிக்கிறது? கொஞ்சம் அவசரமா வேணும்."

வகுப்பே திரும்பிப் பார்த்தது. வாய் திறந்து கேள்வி கேட்டே அறியாத மனிதர்! ஹஜ்ரத்துக்கே ஆச்சரியம்தான். "அவசரமாவா? சரி. ஆரம்பம் எங்க, முடிவு எங்கன்னு பாருங்க. ரெண்டும் ஒண்ணையொண்ணு பார்த்துக்கிட்டு இருக்கும். திரும்பத் திரும்ப என்ன வருதுன்னு பாருங்க. யார்கிட்ட, எந்த நிலைமையில பேசப்படுதுன்னு பாருங்க. ஒட்டாத மாதிரி ஒண்ணு நடுவுல வந்தா, அதைத் தாண்டிப் போயிடாதீங்க. அங்கேயே நில்லுங்க, சூட்சுமம் அங்கதான் இருக்கும். முக்கியமா, நீங்களே வீட்டுலேர்ந்து ஒரு நூலைக் கொண்டுவந்து கோத்துட்டு, நூல் கிடைச்சிடுச்சுன்னு குதிக்காதீங்க."

இறைவனுடைய பேச்சுக்குச் சொன்ன முறையை வீட்டம்மா பேச்சுக்குப் போட்டுப் பார்க்கலாமா என்று நம்மவருக்கு உதறல்தான். இறைவனிடம் மன்னிப்புக் கேட்டுத் தவ்பா செய்துகொண்டார், செய்துகொண்டு போட்டும் பார்த்தார்.

ஆரம்பம் குழாய், முடிவும் குழாய். ஆக, வீடுதான் பிரச்சினை! பழைய வீடு, ஒழுகுகிற வீடு, அவளுக்கு வீடு மாற வேண்டும். இவ்வளவு சுலபமா என்று அவருக்கே சிரிப்பு வந்தது. மச்சான் வீட்டுக்குப் போன் போட்டார். மனைவி போனுக்கு வர மறுத்துவிட, மச்சானே நடுவில் நின்றார்.

"வீடு மாத்தணும், அதானேன்னு கேக்குறார்!" என்று மச்சான் கத்திய கத்தலில் குறிச்சாச்சு போனைத் தள்ளிப் பிடித்தார். பிறகு சாதாரணக் குரலில், "இல்லையாம் மச்சான்."

"நீங்க ஏன் மச்சான் இப்படிக் கத்துறீங்க?"

"உங்ககிட்டயா கத்துறேன்? அவ சமையல்கட்டுல இருக்கா. மெதுவாச் சொன்னா ரெண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கு."

அடுத்த நாள், திரும்பத் திரும்ப வருவது எது என்று யோசித்தார். மகள்! மகள் நினைப்பில் வாடுகிறாள். மறுபடி போன், மறுபடி மச்சானின் முழக்கம். இந்தத் தடவை மச்சானின் குரலே இறங்கியிருந்தது. "இல்லையாம் மச்சான். நேத்தைவிடக் கோபம் ஜாஸ்தியா இருக்கு. நீங்க கொஞ்ச நாள் கண்டுபிடிக்காம இருந்தாத் தேவலை."

இதற்குள் வெளியே வேறு கதை கட்டிவிட்டார்கள். பள்ளிவாசல் அலமாரியிலிருந்து அல்பகரா சூராவின் விளக்கவுரையை நம்மவர் இரவல் வாங்கிப் போனதையும், அதில் விவாகரத்துப் பக்கத்தில் அடையாளச் சீட்டு செருகியிருந்ததையும் கணக்கு வாத்தியார் பார்த்துவிட்டார். வீட்டில் மனைவி இல்லை என்பதும் தெரியவந்தது. ஒன்றோடொன்றைச் சேர்க்கக் கூடாது என்று வகுப்பில் வாதாடியவர், இதை மட்டும் நொடியில் சேர்த்துவிட்டார்.

வாத்தியார் வந்து மணியை அமுக்கி, பக்கத்து வீட்டுக்காரர்கள் மூன்று பேருக்கு ஸலாம் சொல்லிவிட்டு உள்ளே வந்தார். "அவசரப்படாதீங்க தம்பி. தவணை இருக்கு. பேசித் தீர்க்கலாம். பிள்ளையைக் கட்டிக்கொடுத்த வயசுல இதெல்லாம் தேவையா?"

"ஐயையோ, சார்! நான் அவளைத் திரும்பக் கூட்டிட்டு வரத்தான் வழி தேடுறேன்." குறிச்சாச்சு நடந்ததை ஒன்றுவிடாமல் கொட்டினார். விளக்கவுரையைக் காட்டி, "மஹர் சட்டத்துக்குக் கடைசியில, 'உங்களுக்குள் பெருந்தன்மையை மறந்துவிடாதீர்கள்'னு வருது சார். அதை ஒட்டித்தான் தொழுகை வசனம். அதைப் படிச்சதிலேர்ந்து எனக்குச் சோறு இறங்கல" என்றார்.

வாத்தியார் அந்தப் பக்கத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தார். "உனக்கு எவ்வளவு எனக்கு எவ்வளவுன்னு நிக்கிறவங்களை, முதல்ல போய்த் தொழுதுட்டு வாங்கன்னு நிறுத்தி வச்ச மாதிரிதான் இருக்கு. வந்து பேசினா குரல் இறங்கித்தானே இருக்கும்" என்றார் மனமில்லாமல். உடனே சுதாரித்துக்கொண்டு, "ஹஜ்ரத்கிட்ட இதை நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. உங்க வீட்டு விஷயத்துக்கு அச்சும் கிடையாது, சக்கரமும் கிடையாது. தனித்தனிப் புகார். தனித்தனியாத் தீர்த்தாப் போச்சு."

"எல்லாத்தையும் தீர்த்தாச்சே சார். மணி மாத்தியாச்சு. போன் மாத்தியாச்சு. ஒலிபெருக்கி மாத்தியாச்சு. குழாய்கூடத் தானா மூடிக்கிற மாதிரி போட்டாச்சு."

"அப்புறம் எதுதான் மிச்சம்?"

"ஒண்ணும் மிச்சமில்லை. மழை ஒண்ணுதான்."

"மழையா?"

"மழை பெஞ்சப்போ ஏன் எழுப்பலைன்னு ஒருநாள் கேட்டா. அது எதுலயும் ஒட்டாததுன்னு..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றார். அந்த இரவு அவருக்கு நன்றாக நினைவிருந்தது. பால்கனித் தகரத்தில் மழை அறைந்த சத்தத்தில் அவர் இரண்டு தடவை எழுந்து உட்கார்ந்தார். பக்கத்தில் மனைவி அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தார். தூறல் விழுந்தாலே ஓடிப்போய் ஜன்னல் பக்கம் நிற்கிற பெண். எவ்வளவு அசதியோ என்று போர்த்திவிட்டு இவர் படுத்துக்கொண்டார்.

மணி அடிப்பதில்லை. மகள் முணுமுணுக்கிறாள். ஒலிபெருக்கி சரியில்லை. குழாய் ஓடுவது தெரியவில்லை. கீழ்வீட்டுக்காரர் தட்டிய தட்டலுக்குக் கதவு திறக்கவில்லை. சமையல்கட்டு வரைக்கும் மச்சான் கத்த வேண்டியிருக்கிறது.

"சார், அவளுக்குக் காது கேக்கல."

குறிச்சாச்சுவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஊர் முழுக்க வாடகைக்குக் காதைக் கொடுத்துவிட்டு, வீட்டில் ஒருத்தி ஒரு வருஷமாகத் தனியாகப் பயந்துகொண்டிருந்ததைக் கேட்காமல் விட்டோமே என்று வெட்கமாக இருந்தது. அவளுடைய காதுக்குப் பதிலாக ஊரில் இருக்கிற பொருளை எல்லாம் மாற்றியிருக்கிறார், புத்திசாலி! சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வாத்தியாரை வீட்டுக்குள்ளேயே விட்டுப் பூட்டிவிட்டார் என்பது பேருந்து ஏறிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. இறங்கி ஓடிப்போய்த் திறந்துவிட்டு மறுபடி ஏறினார்.

மச்சான் வீட்டில் மனைவி உள்ளறையில் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தார். இவர் கூப்பிட்டார், மனைவி திரும்பவில்லை. போன மாதமாக இருந்தால் கோபம் என்று நினைத்திருப்பார். இப்போது சுற்றிக்கொண்டு போய், முகத்துக்கு நேரே கட்டிலில் உட்கார்ந்தார். மனைவி திடுக்கிட்டு, அவர் உதட்டையே பார்த்தார்.

"உனக்குக் காது சரியாக் கேக்கல. அதைத்தான் நீ சொல்லிட்டு இருந்தே."

மனைவி கையிலிருந்த துணியை மடித்து முடித்து, அடுக்கில் வைத்தார். "பாதி."

"பாதியா?"

"காது குறையுதுன்னு எனக்கே சந்தேகம்தான். ஆனா நீங்களும் பேச்சைக் குறைச்சுட்டீங்களே. நாள் பூரா ஆபீஸ்ல பேசிட்டு வந்து, வீட்டுல ஒரு வார்த்தைக்கு மேல கிடையாது. வீடு அமைதியாயிடுச்சு. அந்த அமைதி என் காதுலேர்ந்து வருதா, உங்ககிட்டேர்ந்து வருதான்னு எனக்குத் தெரியல. அதனாலதான் மணி, போனுன்னு ஒவ்வொண்ணா உங்களைக் கேட்டுப் பார்த்தேன். காதுன்னா டாக்டர்கிட்டப் போகலாம். நீங்கன்னா எங்க போறது?"

குறிச்சாச்சுவின் விரல் ஒன்றும் மடங்கவில்லை. இல்லை என்று சொல்லிவிடலாம் போலிருந்தது. ஆனால் பெருந்தன்மையை மறக்காதே என்று படித்துவிட்டு வந்த வாய்க்குப் பொய் வரவில்லை.

"ரெண்டும்தான்" என்றார். "காதும்தான், நானும்தான். நாளைக்கு டாக்டர்கிட்டப் போகலாம். மத்ததுக்கு நான் ஒருத்தன்தான் வைத்தியம் பாக்கணும். நீ இல்லாம வீட்டுல இருக்க முடியல."

கடைசி வாக்கியம் வழக்கம்போல மென்று விழுங்கிக்கொண்டு வந்தது. மனைவி கையைக் காதுக்குப் பின்னால் குவித்தார். "என்னது?"

"நீ இல்லாம வீட்டுல இருக்க முடியலைன்னேன்."

"விழல."

கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு வார்த்தையைக் கதவு சாத்திய அறையில்கூடச் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். தொண்டையைச் செருமிக்கொண்டார். "நீ இல்லாம என்னால இருக்க முடியல!" சமையல்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றது. கூடத்தில் மச்சான் தொலைக்காட்சியை அணைத்தார்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா."

எழுந்து நின்றே கத்தினார். தெருவில் போன ஒருவர் ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார். அப்போதுதான் குறிச்சாச்சு மனைவியின் முகத்தைக் கவனித்தார். மனைவி அவர் உதட்டைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

அது தெரிந்த பிறகும் அவர் இன்னொரு தடவை சொன்னார்.